ஏழு தட்டுக் கோதுமைப்புல்

அக்கா,

இன்று காலை என் சமையலறையில் பச்சைப்புல் அறுத்த வாசனை எழுந்தது. மகள் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். சாறு பிழியும் இயந்திரம் ஒன்றும், பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த கோதுமைப்புல்லும் அவளோடு காரிலிருந்து இறங்கின. எனக்கு உடம்பில் தெம்பு போதவில்லை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி புல்லைக் கத்தரியால் வெட்டி, இயந்திரத்தின் வாயில் திணித்து, பொத்தானை அழுத்தினாள். வீடே அதிர்ந்தது. கரும்பச்சையாக அரை டம்ளர் வடிந்தது.

"அம்மா, இதெல்லாம் உங்க காலத்துல கிடையாது. மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிடுங்க."

என் காலத்தில் கிடையாதாம். நான் தட்டைப் பார்த்தேன். விதையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியிருக்கிறாள். அடியில் வெள்ளையாகப் பூசணம் கட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாவது இலை விட்டு முற்றிப்போன புல், பிழிந்தால் கசப்புத்தான் இறங்கும். இரண்டையும் எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள். நான் இந்தப் புல்லை வளர்த்த நாளில் அவள் நடை பழகும் குழந்தை. தரையில் நின்றதைவிட உங்கள் இடுப்பில் இருந்த நேரம்தான் அதிகம். அவளுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். முதலில் உங்களிடம் பேசவேண்டும் போலிருந்தது.

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே அடுப்பில் சமைத்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? போன மாசியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும், "அக்கா, கதவைச் சாத்தட்டுமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அதன் பிறகு உங்களோடு வாய்விட்டுப் பேசவில்லை. எழுதுவது பரவாயில்லை.

பென்னாகரம் போகும் சாலையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தது அறுபதுகளின் நடுவில். நீங்கள் எனக்கு எட்டு ஒன்பது வயது மூத்தவர், வீட்டின் மூத்த மருமகள். உங்கள் வீட்டுக்காரரை எல்லாரும் பெரியவர் என்போம். நிலம் அவர் கையில், அடுப்பு உங்கள் கையில். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆசிரியர். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்தவள். தட்டு, டம்ளர், துணி, ஜெபம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு என்று நம்பியவள். இன்றும் நம்புகிறேன். முதல் வாரத்திலேயே நீங்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள்.

"ஏ கான்வென்ட்டு, களி திங்கறதுக்கும் எதாச்சும் ரூல் இருக்குதா?"

"இருக்குதுக்கா. பேசாம திங்கணும்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்களுக்குப் புரையேறியது. அத்தை, நம் மாமியார், இரண்டு பேரையும் முறைத்தார். அன்றைக்கே நாம் கூட்டாளிகள் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அதைப்பற்றி யாரும் உங்கள் முன்னால் பேசமாட்டார்கள். வெளியாட்கள் கேட்பார்கள். திருவிழாவில், கல்யாணத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்பிள்ளை கூடக் கேட்பாள், எத்தனை குழந்தைகள் என்று. நீங்கள் ஒரே பதில் வைத்திருந்தீர்கள். "ஆண்டவர் இன்னும் குடுக்கல." அந்த 'இன்னும்' என்ற சொல்லை நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் உங்களுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. பெரும்பாடு என்று அத்தை அதற்குப் பெயர் சொன்னார். அசோகப்பட்டைக் கஷாயம் வைத்தார். நீங்கள் ஒளித்து ஒளித்துத் துணி அலசினீர்கள். ஒருநாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கும்போது அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டீர்கள். உதடு வெளிறி, நகம் வெளிறி, கன்னம் மட்டும் ஊதியிருந்தது. தர்மபுரியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டராக இருந்தவர் மலையாளத்துக் கன்னியாஸ்திரி. அவர் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் விவரம் சொன்னார். வயிற்றில் கட்டி, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், ஆனால் ரத்தம் மிகக் குறைவு, அது ஏறாமல் மேசையில் படுக்கவைக்க மாட்டேன். அதைத் தமிழில் உங்களுக்குச் சொன்னபோது, "ஆப்பரேசன் பண்ணணும், அதுக்கு முன்னால ரத்தம் ஊறணும்" என்று சுருங்கிவிட்டது.

ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார்கள். நீங்கள் விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்தீர்கள். யாராவது ரத்தம் கொடுக்க வாருங்கள் என்றால், நம் சொந்தத்தில் ஆண்பிள்ளைகள் அத்தனைபேருக்கும் அன்றைக்கென்று அவசரமாக ஏர் ஓட்டவேண்டி வந்துவிடும். அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரரோடு வேலைபார்த்த ஓவிய ஆசிரியர் கோதுமைப்புல் கதையைச் சொல்லி அனுப்பினார். அவருக்கு இயற்கை வைத்தியத்தில் பைத்தியம். புல்லின் சாறும் மனிதனின் ரத்தமும் ஒன்றுதான், நிறம் மட்டும்தான் வேறு என்று சொன்னாராம். எனக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. ஆனாலும் உங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அத்தை கேட்டதும் கொதித்தார்.

"கோதும திங்கறதுக்கே இந்த வூட்ல ஆளில்ல. அதோட புல்ல வேற திங்கணுமா? மாட்டுக்குப் போடறத மருமவளுக்குப் போட்டன்னு ஊருல பேசமாட்டாங்களா?"

"பேசட்டுங்க அத்தை. நீங்க ரெண்டு மருமவளயும் மாடு மாதிரிதான் வேல வாங்கறீங்கன்னு ஏற்கெனவே பேசறாங்க" என்று நீங்கள் படுத்தபடியே சொன்னீர்கள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வெற்றிலைப் பையைத் தேடினார்.

முதலில் ரேஷன் கோதுமையை ஊறப்போட்டேன். பாதி முளைக்கவே இல்லை, மீதி நாறியது. தர்மபுரிக் கடைவீதியில் சப்பாத்திக் கடைக்காரர்கள் வாங்கும் முழுக் கோதுமையை வரவழைத்தேன். கல் பொறுக்கி, கழுவி, ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவேன். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், சலித்த செம்மண்ணில் மட்கிய சாண எருவைக் கலந்து தட்டில் பரப்பி, மேலே கோதுமை ஒரே வரிசையாக, ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும். மூங்கில் தட்டுகள் ஏழு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஒன்றை அறுத்த அன்றைக்கே அதில் மறுபடி விதைத்தால் சாறு தடைப்படாது. ஒவ்வொரு தட்டிலும் சுண்ணாம்பால் கிழமையை எழுதினேன்.

உங்களுக்குக் கிழமை பிடிக்கவில்லை. தட்டுக்கெல்லாம் நம் சொந்தக்காரர்களின் பெயரை வைத்தீர்கள். நெட்டையாக வளர்ந்தது பெரியவரின் சித்தப்பா. ஒரு பக்கமாகச் சாய்ந்தது காரிமங்கலத்து நாத்தனார். விதைத்தும் பச்சை தலைகாட்டாமல் அழுத்தமாக இருந்த ஒன்றுக்கு அத்தையின் பெயர். காலையில் நான் கத்தரியோடு வந்தால், "இன்னைக்கு யாரு கழுத்த அறுக்கப்போற?" என்பீர்கள். "உங்க நாத்தனாரை" என்பேன். "கொஞ்சம் அடியோட சேத்து அறு."

முதல் ஈடு மஞ்சளாக வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்ப்போமே, அதற்குக் கூடையைக் கவிழ்த்து மூடிவைப்போம். இருட்டில் புல் மெலிந்து, உயரமாக, பட்டுப்போல வரும். குடிலில் வைக்கிற அன்றைக்குத் திறந்தால் போதும். அந்தப் புல் வளர்ப்பதில் உங்களை மிஞ்ச ஊரில் ஆளில்லை. பங்குச் சாமியார் நம் கோயில் குடிலுக்கு உங்களிடம்தான் சொல்லி அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் என் தட்டுகளின் மேலும் நீங்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டீர்கள். நான் திறந்தபோது ஒரு துளி பச்சை இல்லை. வெளிறிப்போய், உங்களைப் போலவே இருந்தது.

"அக்கா, இது குழந்தை யேசு படுக்கறதுக்கில்ல, நீங்க குடிக்கறதுக்கு! பச்சையா இருந்தாத்தான் பலன்."

"ஓ, அப்படியா? கை தானா மூடிடுச்சு தங்கச்சி" என்றீர்கள். கை தானாக மூடியதா என்பது பின்னால் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கேட்கவில்லை.

அரைப்பதிலும் ஒரு கூத்து நடந்தது. அம்மியில்தான் அரைத்தேன். எத்தனை முறை கழுவினாலும் கல்லின் கொத்துக்குள் மிளகாய் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. முதல் டம்ளரை வாயில் வைத்த நீங்கள், கண்ணில் நீர் வழிய வாசல்வரை ஓடினீர்கள். "புல்லுக் குழம்பு வச்சிருக்கறாய்யா இவ!" என்று தெருவுக்கே கேட்டது. அன்றைக்கே சின்னக் கல்லுரல் ஒன்று வாங்கி, புல்லைத் தவிர வேறெதுவும் அதில் படக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். பொடியாக நறுக்கி, இடித்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, வெளுத்த வேட்டித்துணியில் முறுக்கிப் பிழிவேன். சக்கையை மறுபடி இடித்து மறுபடி பிழிவேன். பிழிந்த உடனே குடிக்கவேண்டும், வைத்தால் நிறம் கறுத்துப்போகும். இதையெல்லாம் முடித்து, பூசைக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் உங்கள் கையில் டம்ளர் இருக்கும்.

நீங்கள் அதை வாங்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விடுவீர்கள். "நீ எதிர்ல நின்னு பாத்தா வாந்தி வருது. சாணி வாசனையில புல்லு வாசனை தெரியாது" என்றீர்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வரும்போது டம்ளர் காலி. நான் வாயைத் துடைக்கச் சொல்வேன். நீங்கள் புறங்கையால் துடைப்பீர்கள். நான் துண்டு கொடுப்பேன்.

வாரங்கள் போயின. உங்கள் நகம் சிவக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள், ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் விதையை மாற்றினேன், எருவை மாற்றினேன், நிழலை மாற்றினேன். அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே போயிற்று. அத்தை, "குடிக்கத் தண்ணி இல்ல, கோதுமைக்கு அபிசேகம் நடக்குது" என்று முனகுவார். அவர் முனகிக்கொண்டே தன் முகம் கழுவிய நீரைத் தட்டில் தெளித்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கறி தொடாத தவக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுது. டம்ளரை உங்களிடம் கொடுத்துவிட்டுப் பூசைக்குக் கிளம்பினேன். முக்காட்டுத் துணியை மறந்து பாதியில் திரும்பினேன். தொழுவத்தில் உங்கள் குரல் கேட்டது.

"குடிடா ராசா. வேண்டாங்கற பாரு. கான்வென்ட்டு கையால பிழிஞ்சது, குடி. உனக்காச்சும் ரத்தம் ஊறட்டும்."

எட்டிப் பார்த்தேன். செவலைக் கன்றின் தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன் மூக்கு, மோவாய், மீசை முடி எல்லாம் பச்சை. நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நக்கியது.

"அக்கா!"

நீங்கள் திடுக்கிடவில்லை. மெதுவாகத் திரும்பினீர்கள். "வந்துட்டயா? பாரு, இவனுக்கு உன் கைப்பக்குவம் எவ்வளவு புடிச்சிருக்குதுன்னு."

"எத்தன நாளா இது நடக்குது?"

"இவன் பொறந்ததுல இருந்து. அதுக்கு முன்னால எருக்குழியில ஊத்துனேன்."

"செத்துப்போயிடுவீங்கக்கா! தெரியுதா? நான் தெனம் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சி, இடிச்சி, பிழிஞ்சி…" கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நான் பிறர் முன்னால் அழுகிறவள் இல்லை.

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தீர்கள். என்னையும் கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

"ரத்தம் ஏறுச்சுன்னா அறுத்துருவாங்கல்ல?"

"அதுக்குத்தானே ஏத்தறோம்."

"ஏறாத வரைக்கும் தொடமாட்டேன்னு அந்த சிஸ்டர் சொல்லிச்சில்ல. பைய எடுத்துருவாங்கன்னு நர்சுங்க பேசிக்கிட்டது காதுல வுழுந்துச்சு. அதான் ஏறவேண்டாம்னு இருக்கறேன். எனக்கு இன்னும் நாப்பது ஆவல தங்கச்சி. புள்ள வருதோ வரலையோ, வந்தா இருக்கறதுக்கு உள்ள ஒரு எடமாவது இருக்கட்டும்னு பாக்கறேன்."

கன்று உங்கள் சேலை முந்தியைச் சப்பியது. நீங்கள் இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அந்த வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து உங்களுக்கு எந்தப் புத்திமதியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சிஸ்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கிட்ட என்ன சொன்னாங்க? உன் வூட்டுக்காரர்கிட்டத்தான் இங்கிலீசுல சொன்னாங்க. அவரு பெரியவர்கிட்ட பாதி சொன்னாரு. பெரியவர் எங்கிட்ட அதுல பாதி சொன்னாரு. வயித்துல இருக்கறது என்னுது. எனக்கு வந்து சேந்தது கால்வாசி."

நாள் தவறாமல் போகும் பூசைக்கு அன்று நான் போகவில்லை. அந்த வாரமே, கோதுமை வாங்கிவரப் போகிறோம் என்று சொல்லி இரண்டு பேரும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் யாரிடமும் கன்றுக்குட்டி விஷயத்தைச் சொல்லவில்லை. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றார். "உடம்பு சரியாத்தாம்ப்பா இருக்குது. கூட வர்றவதான் சரியில்ல" என்று என்னைக் காட்டினீர்கள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார். நான், "சிஸ்டர், தயவுசெய்து தமிழில். அக்காவைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். கன்னியாஸ்திரிகளை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்தார். அதற்குள் ஒன்றும் சுவரில் ஒன்றுமாகக் கட்டிகளை வரைந்தார். மலையாளம் கலந்த தமிழில், அவசரப்படாமல், இது பல வருஷமாக வளர்ந்தது, இதனால்தான் இந்தப் போக்கு, இனி இது குறையாது என்றார்.

நீங்கள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்தக் கட்டி… இதுல எப்பவாச்சும் ஒரு வாட்டி, புள்ளையா இருந்து, அப்பறம் இப்படி ஆயிடுச்சா?"

"இல்லம்மா. இது ஒருநாளும் பிள்ளை இல்லை. பிள்ளைக்கு இடம் கொடுக்காம இருந்ததே இதாயிருக்கும்."

"கட்டிய மட்டும் எடுத்துட்டு, பைய வச்சிடலாங்களா?"

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்து வருஷம் முன்னே வந்திருந்தா முயற்சி செய்திருப்பேன். இப்போ அப்படிச் செய்தா உங்க உயிர் போகும். நான் பொய் சொல்லமாட்டேன்."

நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டீர்கள். வெளியே வந்ததும், "அப்ப இத்தன வருசம் நான் பொத்திப் பொத்திக் காவல் காத்தது என் எதிரியத்தானா?" என்றீர்கள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நம் குடும்பத்தில் பெண்கள் தெருவில் கைகோத்து நடப்பதில்லை. அன்று பஸ் நிலையம்வரை அப்படியே நடந்தோம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல். உங்களுக்குப் பசிக்கிறது என்றீர்கள். மாதக்கணக்கில் நான் கேட்காத சொல். பூரிக் கிழங்கு வந்தது. ஒரு செட் முடித்து இன்னொரு செட் கேட்டீர்கள். உப்பி நின்ற பூரியை விரலால் குத்தி, ஆவி போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. பரிமாறுகிற பையன் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். அதைக் குடித்து முடித்துத்தான் கேட்டீர்கள்:

"தங்கச்சி, நாளைக்கு எந்தத் தட்டு?"

"காரிமங்கலத்து நாத்தனார்" என்றேன்.

"முத்திப்போறதுக்குள்ள அறுத்துடு."

மறுநாள் நீங்கள் தொழுவத்துக்குப் போகவில்லை. சமையலறையில், அத்தையின் எதிரில், அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்று அந்தப் பச்சைச் சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். முகம் போன போக்கைப் பார்த்து அத்தை, "அவ்வளவு கசப்பா?" என்றார். "இனிப்புதானுங்க அத்தை. பச்சைத் தண்ணியில புல்லு ஊற வச்ச இனிப்பு." பிறகு, "கன்னுக்குட்டிக்கு நல்ல வாய்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

ரத்தம் ஏறியது. கோதுமைப்புல்லால் ஏறியது என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அக்கா. நாம் போய்ப் பார்த்த அன்றைக்கே சிஸ்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு இரும்புச்சத்து ஊசி போட ஆரம்பித்தார். நீங்கள் சாப்பிடவும் ஆரம்பித்தீர்கள். முருங்கைக்கீரையும் ஈரலும் அத்தை கையால் வந்தன. தவக்காலத்தில் ஈரலா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "சாமியார்கிட்டக் கேட்டாச்சு, நீ போய் உன் வூட்டுப் பானையப் பாரு" என்று அத்தை விரட்டினார். அவர் சாமியாரிடம் கேட்கவே இல்லை. ஓவிய ஆசிரியர் மட்டும் சாகும்வரை, தன் புல்தான் உங்களைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாம் அவரைத் திருத்தவில்லை.

ஈஸ்டர் பெருவிழா முடிந்த வாரத்தில் ஆப்பரேஷன். பெரியவர் வராந்தாவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, மணியை விட்டு மணி தாவிக்கொண்டிருந்தார். உங்களை வெளியே கொண்டுவந்தபோது உங்கள் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். நிறம் இருந்தது. நான் தனியாகப் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து உட்காரத் தொடங்கிய நாளில், வார்டைப் பெருக்க வந்த ஆயா உங்கள் கட்டிலடியில் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "உங்களுக்கு எத்தன புள்ளைங்கம்மா?"

உங்கள் பழைய பதில் இனி நடக்காது. அந்த 'இன்னும்' என்ற சொல்லுக்கு இனிமேல் இடமில்லை. உங்களுக்குப் பதிலாக நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

"புள்ள இல்லம்மா. இவ இருக்கறா."

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு இவங்க? கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா, கூடப் பொறந்தவதான். பேச்சு மட்டும் இங்கிலீசு."

ஆயா சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஊரில் யார் ஜெபத்தில் சொல் பிசகினாலும் திருத்துகிறவள் நான். கல்யாணப் பத்திரிகையில் உறவுமுறை தவறாக அச்சாகியிருந்தால் பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு நாம் ஒன்றாக எத்தனையோ வருஷம் வாழ்ந்தோம். அத்தையை அடக்கம் செய்தோம், பெரியவரை அடக்கம் செய்தோம், என் வீட்டுக்காரரையும் அனுப்பிவிட்டு இரண்டு பேரும் வெள்ளைச் சேலையில் ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளைகளைப்பற்றி யார் கேட்டாலும் நீங்கள் நேராக, "இல்லைங்க" என்று சொன்னீர்கள். பின்னால் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

என் அம்மா அப்பாவுக்கு நான் ஒரே பெண். இது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்டிலிருந்து இன்றுவரை, கண் பரிசோதனைக்குப் போனாலும் புதுப் பங்குச் சாமியார் வீடு பார்க்க வந்தாலும், உடன்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், "ஒரு அக்கா" என்றுதான் சொல்கிறேன். பொய் சொல்லாத வாய் இது, அக்கா. இதைச் சொல்லும்போது ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை.

எங்கே இருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்கிறார்கள். போன மாசியிலிருந்து, அதற்குப் பதில் சொல்ல மட்டும் இன்னும் பழகவில்லை.